ஆப்பா வீட்டுப் பீரங்கி

தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு ஆடினால் நாம் பாத்திரத்தைப் பிடிக்க ஓடியதில்லை. வாசலுக்கு வந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் திசையில் திரும்பி, அதன் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சக்கரத்தைத்தான் பார்த்தோம். கீழே சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பர்ஸ்ட் என்போம். சக்கரம் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே போய் விட்ட வேலையைப் பார்ப்போம். நின்றுவிட்டால் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு நடப்பார்கள். அடிபட்டவனை கேஜ் கூண்டில் மேலே கொண்டுவந்ததும், "இவர் வூட்டுக்காரங்க யாரு, முன்னால வாங்க" என்று அங்கே நிற்பவர் குரல் கொடுப்பார். அப்போது அந்த வீட்டு மனுஷி அங்கே இருந்தாக வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என் அம்மா ஒரே ஒரு முறை போகாமல் இருந்துவிட்டாள். ஏன் போகவில்லை என்பதைப் பற்றி உங்களில் பலர் இன்னமும் தப்பாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சமீபத்தில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில், என் காதுபடவே ஒருத்தி, "அந்த ஆப்பா டீவியக் காட்டியே ஒரு குடும்பத்தக் கெடுத்தா" என்றாள். நான் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து கை கழுவிவிட்டேன். அம்மா இப்போது இல்லை. ஆப்பாவும் இருக்க நியாயமில்லை. இனி நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் லாபமில்லை.

ஆப்பா என்றால் உருதில் அக்கா. எங்கள் வரிசையின் கடைசி வீடு அவளுடையது. அவள் புருஷன் வைண்டிங் எஞ்சின் ஓட்டுகிறவர், அதாவது மணிச் சைகை கேட்டு கேஜை ஏற்றி இறக்குகிறவர். எங்கள் லைன் ஆண்கள் அத்தனை பேரும் தினம் அவர் கையில்தான் தொங்கினார்கள். அதனால் வைண்டர்காரர் என்று அவருக்குத் தனி மரியாதை. ஆப்பாவுக்கு மரியாதை வந்தது வேறு வழியில். துபாயில் இருந்த அவள் தம்பி ஒரு கலர் டீவியும், கேசட் போடும் பெட்டியும், ஒரு பை நிறையக் கேசட்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அத்தனை கேசட்டிலும் ஒரே நாடகம். பக்கத்து நாட்டில் எடுத்த உருது நாடகம், ராஜா காலத்துக் கதை.

அது முதலில் பெரிய புத்தகமாக வந்த கதையாம். "எங்கம்மா வூட்ல அட்ட கிழிஞ்சி போயி கெடந்திச்சி அந்த புக்கு. நான், எங்கக்கா, எங்க சித்தி, மூணு பேரும் மாத்தி மாத்திப் படிச்சி அழுதுகினு கெடந்தோம்" என்று ஆப்பா சொல்வாள். கதை முழுக்க அவளுக்குத் தெரியும். ஆனாலும் புதன்கிழமை மத்தியானம் ஒரு பாகம்தான் போடுவாள். மொத்தக் கேசட்டும் பைக்குள்ளேயே இருக்கிறதே, இன்னொன்று போடேன் என்று பெண்கள் கெஞ்சினால், "எல்லாத்தயும் இன்னிக்கே பாத்துட்டு நாளைக்கி இன்னா பண்ணுவீங்க?" என்பாள். அவள் பேச்சு அப்படித்தான், கறாராக இருக்கும். கையில் மட்டும் எப்போதும் எங்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கும்.

நான் அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமைகளில் எனக்குத் தவறாமல் வயிற்று வலி வந்தது. அம்மா கண்டுகொள்ள மாட்டாள், அவளுக்கும் துணை வேண்டும். ஆப்பா வீட்டு ஜன்னலில் கம்பெனிக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருப்பார்கள். கம்பளியின் மக்கல் வாடை, உள்ளே வெங்காயம் வதங்கிய வாடை, டீவி சூடாகும்போது வருகிற ஒரு வாடை. மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு அந்த நாடகம். டீவிமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிளாஸ்டிக் ரோஜா செருகியிருக்கும். வைண்டர்காரர் எங்கிருந்தோ ஒரு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்து சேர்த்திருந்தார். கல்யாண வீட்டில் வைக்கிற சைஸ். அதில் வசனம் பேசினால் நெஞ்சுக்குள் கேட்கும்.

ஒருத்திக்கும் உருது தெரியாது. ஆப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. அங்கே ஒரு நவாபு. வெள்ளைக்காரப் பட்டாளம் அவரைப் பிடித்து அக்கரைக்குக் கொண்டுபோய் அடைத்துவிட்டது. கோட்டையில் இருப்பது கண் தெரியாத அவர் மனைவியும் கடைசி மகளும். ஒரு படகுக்காரன் மகளை அக்கரைக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் சேர்க்கிறேன் என்கிறான். போனால் திரும்பி வர முடியாது. அப்பாவைப் பார்க்கப் போவதா, கண் தெரியாத அம்மாவோடு இருப்பதா? ஆறேழு புதன்கிழமைகளாக அந்தப் பெண் ஆற்றங்கரைப் படிக்கட்டுக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தாள்.

நம் பெண்களுக்கு அந்தக் கோட்டையும் ஒரு லைன்தான். "அத்தினி பெரிய வூட்ல தண்ணிக் கொழா எங்க கீது?" என்று எதிர்வீட்டு அக்காவுக்குக் கடைசிவரை சந்தேகம். வெள்ளைக்கார அதிகாரி வந்தால், "இவன் நம்ம பங்களா தொர மாதிரியே மீச வெச்சிகினு கீறான் பாரு" என்பாள். ஆப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "வசனத்தக் கேக்க வுடுங்கம்மா" என்பாள்.

அப்பா சுரங்கத்தில் மரம் கட்டுகிறவர். கீழே வெட்டிய இடம் சரியாமல் இருக்க மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. அவர் ஒருநாளும் அந்த நாடகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அதன்மேல் ஆசை என்று இப்போது தோன்றுகிறது. சாப்பிடும்போது, "நவாபு வூட்ல இன்னிக்கி இன்னா ஆச்சி?" என்று ஆரம்பிப்பார். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே முழுக் கதையும் சொல்வாள். ஆப்பா ஒருமுறை சொன்னதை அம்மா இரண்டு மடங்காகச் சொல்வாள், நடித்தும் காட்டுவாள். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்தது அந்தப் பருவத்தில் மட்டும்தான்.

நாடகத்தில் முதல் பீரங்கி வெடித்த புதன்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அக்கரையிலிருந்து சுட்டான். ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்து, டீவிமேல் டம்ளர் கடகடவென்று ஆடியது. அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிச் சக்கரத்தைப் பார்த்தார்கள். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தபோது அறையே சிரித்தது. "பீரங்கி சுட்டதுக்கு ஷாஃப்ட்டப் பாத்தாளுங்க" என்று அந்த வாரம் முழுக்கக் குழாயடியில் அதே பேச்சு. அப்பாவும் விடவில்லை. "தோ, குக்கர் விசிலடிச்சிது, போயி சக்கரத்தப் பாத்துட்டு வா" என்பார். அம்மா சிரித்தாள், ஆனால் முகம் சிவந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை அப்பாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மத்தியானம் கிளம்பினார். செருப்பு மாட்டிக்கொண்டே, "இன்னிக்கி அந்தப் பொண்ணு படகுல ஏறிட்டாளா இல்லயான்னு சரியாப் பாத்துகினு வந்து சொல்லு. பாதில எழுந்து ஓடாத" என்றார். அம்மா டிபன் கேரியரை அவர் கையில் கொடுத்தாள். 

அன்றைய பாகத்தில் ஆரம்பத்திலிருந்தே பீரங்கிச் சத்தம். டம்ளர் அடிக்கடி ஆடியது. எங்களுக்குப் பழகிவிட்டது. பாதி ஓடியபோது அந்தப் பெண் முக்காடு போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்தாள். படகுக்காரன் கை நீட்டினான். அவள் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து வீடு ஆடியது.

டம்ளர் விழுந்து ரோஜா உருண்டது. சமையல் பக்கம் ஒரு தட்டு கீழே விழுந்தது. ஓட்டிலிருந்து மண் கொட்டி என் தலையில் விழுந்தது. எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். திரையில் கோட்டைச் சுவர் புகைந்துகொண்டிருந்தது.

"பீரங்கிதான்" என்றாள் ஆப்பா.

"பீரங்கிதான்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையில் கையை ஊன்றி, எழுந்திருக்கப் போகிறவள்போல ஒரு முட்டியைத் தூக்கியிருந்தாள். அப்புறம் முட்டியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

அந்தப் பெண் ஒரு கால் படியிலும் ஒரு கால் படகிலுமாக நின்றாள். சின்ன வயதிலிருந்து அவள் நினைத்துப் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போனது, மீதிப் பாகம் முழுக்க அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்படியே பாகம் முடிந்துபோனது. ஏறினாளா இல்லையா என்று அன்றைக்குக் காட்டவே இல்லை.

பெண்கள் ஆப்பாவைத் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். ஒருத்தி கம்பளியை நீக்கினாள். வெளிச்சத்தில் கண் கூசியது. சக்கரம் நின்றிருந்தது. பாதையில் அடுத்த லைன் பெண்கள் ஷாஃப்ட் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். போவதற்கான நேரம் முடிந்து, திரும்புகிற நேரம் வந்திருந்தது. அவர்கள் அம்மாவைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார்கள். அதிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. செருப்பை ஆப்பா வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஷாஃப்டில், ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடியிருந்தார்கள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த லைனில் இருந்தவள். வீடு ஆடியதும் ஓடிப்போய் ஷாஃப்ட் வாசலில் நின்றிருக்கிறாள். அவள்தான் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தவள். அதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள், நானும் மனப்பாடமாகக் கேட்டிருக்கிறேன்.

"கேஜ்ல இருந்து எறக்கனப்ப கண்ணு தொறந்துதான் இருந்திச்சி. வூட்டுக்காரங்க யாருன்னு கூப்ட்டாங்க. நான் போனேன். அவ எங்க, அக்கான்னு கேட்டான். வந்துகினு கீறாடான்னு சொன்னேன். வண்டில ஏத்தற வரிக்கும் தலயத் திருப்பித் திருப்பிப் பாத்துகினே இருந்தான்."

அத்தை அம்மாவை மூஞ்சிக்கு நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபமெல்லாம் ஆப்பா மேல் திரும்பியது. காரியம் முடிவதற்கு முன்பே அத்தை போய் ஆப்பா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நாடகம் காட்டி எந்தம்பிய அநாதயா அனுப்பிட்டியேடி" என்று கத்தினாள். அந்த அறையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? "நாங்க எல்லாம் பர்ஸ்ட்டுன்னுதான் சொன்னோம், அந்தம்மாதான் பீரங்கின்னு சொல்லி ஒக்கார வெச்சிட்டாங்க" என்றார்கள். எனக்கு வயது சின்னது, காது சின்னதில்லை. ஒருத்தியும் அப்படிச் சொல்லவில்லை. குழாயடியில் ஆப்பாவின் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அவள் மறுபடி வரிசையில் வைத்தாள், மறுபடி நகர்த்தினார்கள். பெரியவர்கள் ஒன்றுசேர்ந்து எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார்கள் என்பதை நான் அந்தக் குழாயடியில்தான் கற்றேன். 

வைண்டர்காரர் மட்டும் ஒருநாள் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேல ஆளு அடிபட்டு வருதுன்னு மணி அடிச்சாங்க. யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா தண்ணி தளும்பாத மாதிரி தூக்கினேன். அத சொல்லணும்னு வந்தேன்."

அம்மா, "சரிங்க" என்றாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆப்பா வீட்டுக்கு நடந்தாள். தாலி இல்லாத கழுத்தோடு பகலில் இன்னொரு வீட்டு வாசல் ஏறக்கூடாது என்று சொல்வார்களே, அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. ஆப்பா கதவைத் திறந்ததும் அழ ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. கதவுக்கு உள்பக்கம் அம்மாவின் செருப்பு துடைத்து ஜோடியாக வைத்திருந்தது. டீவித் திரையை ஒரு துணி மறைத்திருந்தது, மேலே அதே டம்ளர் இருந்தது.

"அந்த கேசட்டப் போடுங்க ஆப்பா" என்றாள் அம்மா.

"இன்னாத்துக்கும்மா? வேணாம்."

"போடுங்க. கம்பளி வேணாம். சத்தம் மட்டும் அன்னிக்கி மாதிரியே வையுங்க."

ஆப்பா துணியை விலக்கிவிட்டு, கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டாள். அது இரண்டு முறை உள்ளே போகாமல் வெளியே வந்தது. வெளிச்சத்தில் படம் வெளிறித் தெரிந்தது. பீரங்கி வெடித்தது. டம்ளர் கடகடவென்று ஆடியது. அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கையை விரித்துத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். மேலே அத்தனை சத்தம், தரை சும்மா இருந்தது. சிமெண்டு சில்லென்று இருந்தது.

பெண் படகில் காலை வைத்தாள். கோட்டைச் சுவர் புகைந்தது. பாகம் முடிந்தது. அம்மா கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கி கீழ இருந்து வந்திச்சி ஆப்பா. நீங்க பீரங்கின்னு சொல்றதுக்கு முன்னாலயே என் கைக்குத் தெரிஞ்சிச்சி. இந்த மண்ணுலயே பொறந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

ஆப்பா எட்டி டீவியை அணைத்தாள்.

"திரும்பவும் சிரிப்பாங்கன்னு ஒரு இது. அப்புறம் அவரு கேட்டுட்டுப் போனாரு, அவ ஏறினாளா இல்லயான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னு. ஒரு நிமிஷம் பாத்துட்டு எழுந்துக்கலாம்னு ஒக்காந்துட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல. நான் போயி எல்லார்கிட்டயும் சொல்லிட்றேன்."

ஆப்பா அம்மாவின் கையைத் தரையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லாத" என்றாள். "நீ இந்த லைன்லயே இருந்தாவணும். ஒம் பொண்ணு இங்கியே வளரணும். ஒன் நாத்தனாரு கையிலதான் நீ இருக்கப் போற. நான் அப்டி இல்ல. எங்க வூட்டுக்காரு ஊரிகம் பக்கம் வூடு மாத்திக் கேட்டிருக்காரு. என்னெ திட்னா திட்டட்டும். அங்க வந்தா திட்டப் போறாங்க?"

"ஆப்பா..."

"சொல்லாதன்னா சொல்லாத."

வெகுநேரம் கழித்து எழுந்தோம். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்றவள் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு ஏறினாளா ஆப்பா? அவரு கேட்டாரு."

 ஆப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறிட்டாம்மா" என்றாள். "அவ்வளோ பீரங்கி சத்தம் கேட்டும் அவ அம்மாவ நெனைக்கல. ஏறிட்டா. யாரா இருந்தாலும் ஏறியிருப்பாங்க."

அம்மா தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சாப்பிட்டாள்.

அடுத்த மாதமே ஆப்பா வீடு காலியானது. வண்டியில் டீவியைக் கம்பளியால் சுற்றி ஏற்றினார்கள். அதே கம்பளி. வழியனுப்ப யாரும் வரவில்லை. அம்மா எங்கள் வாசலில் நின்றாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் ஆப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை கொடுத்தார்கள், முகத்தை மூடியிருந்த அதே ஆஸ்பத்திரியில். அப்பாவின் டிபன் கேரியரில்தான் எனக்கு மத்தியானச் சோறு வந்தது. அதன் மேல்மூடி நசுங்கியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பின்னால் சுரங்கம் மூடினார்கள், சக்கரம் ஒரேயடியாக நின்றது. நானும் உங்களைப் போலவே விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் ஆனேன். அம்மா கடைசிவரை எங்கே உட்கார்ந்தாலும் ஒரு உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். முட்டி வலி என்று என் வீட்டுக்காரர் நினைத்துத் தைலம் வாங்கி வந்தார். நானும் தேய்த்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் பங்காருபேட்டை தாண்டி ரயில் போய்க்கொண்டிருந்தபோது, எதிர் சீட்டில் ஒரு பெண் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தாள். வசனம் காதில் விழுந்ததும் எனக்குக் கம்பளி வாடை வந்தது. அந்தக் குரல்தான், அந்தப் பெண்தான். என்ன நாடகம் என்று கேட்டு, பெயரை என் போனில் அடித்து வைத்துக்கொண்டேன். பார்க்கத்தான் பல நாள் துணிவு வரவில்லை. அந்தக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்த அன்றைக்குத்தான் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடி எடுக்கச் சொன்னேன்.

போன் சின்னது. பீரங்கி வெடித்தபோது தீக்குச்சி உரசியதுபோலக் கேட்டது. அந்தப் பெண் படகில் ஒரு காலை வைத்தாள், சுவர் புகைந்தது, பாகம் முடிந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தது அதுவரைதான். மகள் அடுத்த பாகத்தைத் தட்டினாள்.

அவள் காலை எடுத்துவிட்டாள். படகுக்காரன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் படியேறி ஓடினாள். முக்காடு விழுந்தது, அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. கோட்டைக்குள் ஓடி, அம்மாவின் அறைக் கதவைத் தள்ளித் திறந்து, வந்துட்டேன் என்று சொல்லிக் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஆப்பா அந்தப் புத்தகத்தை எத்தனையோ தரம் படித்தவள். அவளுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. இனிப் பந்தியில் உட்கார்ந்து ஆப்பாவின் பேச்சை எடுப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அவ ஏறலயாம்மா?" என்றாள் என் மகள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

"ஏறல" என்றேன். அம்மா பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால், ஏறிவிட்டாள் என்றுதான் சொல்லியிருப்பேன்.